ஸ்கூல் கட்டிங்

ஏற்காட்டில் சர்ச் நடத்துகிற ஒரு பள்ளியில் நான் தமிழ் நடத்துகிறேன். மாணவர்களின் தலைமுடியை ஒழுங்குபடுத்த அங்கே ஒரு கமிட்டி இருந்தது, அதில் நானும் ஒரு உறுப்பினர் என்று சொன்னால் சேலத்தில் இருக்கிற என் அக்கா இன்றுவரை நம்புவதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு இதெல்லாம் கூடச் செய்வீங்களா என்று கேட்கிறாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில்தான் ஆரம்பித்தது. காலை ஜெபம் நடந்துகொண்டிருந்தது. தலைமை ஆசிரியர் மேடையில் கண்ணை மூடி நின்று ஜெபித்தார். முடிக்கிற நேரம் கண்ணைத் திறந்தவர் ஆமென் சொல்லவே இல்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவர் ஒன்பதாம் வகுப்பு வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பையன் அங்கே நின்றான். இரண்டு பக்கமும் தோல் தெரிய மழித்து, நடுவில் மட்டும் சேவல் கொண்டை மாதிரி நிறுத்தி, அதன் முன்பகுதிக்குச் செம்பு நிறம் அடித்திருந்தான். காதுக்கு மேலே கத்தியால் போட்ட கோடுகள் வேறு. மாமா கல்யாணத்துக்காகக் கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கிச் சேலத்துக்குப் போய் வெட்டிக்கொண்டதாம். மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லோருக்கும் அதே வெட்டுத்தானாம்.

எங்கள் தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். பிரம்பைத் தொடாதவர். அவருக்குத் தலையில் முடி கிடையாது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். இரண்டு காதுக்கும் மேலே கொஞ்சம் வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான். பள்ளிகளில் வாத்தியார்களே கத்திரிக்கோலை எடுத்து முடியை வெட்டிவிட்டு மாட்டிக்கொள்கிற செய்திகளை அவரும் படித்திருந்தார். அதனால் எங்களைக் கூப்பிட்டு, எல்லாத்தையும் முறையாகச் செய்யலாமுங்க என்றார். முறை என்றால் கமிட்டி. பி.டி. சாருக்குப் பையன்கள் பயப்படுவார்கள் என்பதால் அவர். சர்க்குலர் நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்பதால் நான்.

'விசித்திரமான முடிவெட்டுக்கு அனுமதி இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். எது விசித்திரம் என்று பி.டி. சார் கேட்டார். வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் கொஞ்சமும் யோசிக்காமல், பி.டி. சாருடைய கல்யாண போட்டோவில் இருப்பதுதான் விசித்திரம் என்றார்கள். அந்தப் போட்டோவை நானும் பார்த்திருக்கிறேன். பின்கழுத்தை மூடி முடி, நெற்றியில் தனியாக ஒரு சுருள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

கடைசியில் தொடுவதை வைத்து விதி போட்டோம். முடி காதைத் தொடக் கூடாது, கண்ணைத் தொடக் கூடாது, சட்டைக் காலரைத் தொடக் கூடாது. பொதுவாக ஒன்று இருக்கட்டும் என்று, நாகரிக மோகத்தைக் காட்டும் முடிவெட்டும் கூடாது என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். படிக்கும்போது எனக்கே திருப்தியாக இருந்தது.

இரண்டே நாளில் பத்தாம் வகுப்பிலிருந்து ஒரு சுருட்டை முடிக்காரனைப் பிடித்துக்கொண்டு வந்தார் பி.டி. சார். அவன் முடி கீழே இறங்குகிற ஜாதியே இல்லை. வளர வளர மேலேதான் போகும். தலைக்கு மேலே ஒரு காப்பிச்செடி மாதிரி கவிந்து நின்றது. அவன் சர்க்குலரைக் கையில் வைத்திருந்தான். எதையும் தொடலைங்க சார் என்றான். உண்மைதான், தொடவில்லை.

அப்படியானால் மேல்பக்கமும் ஒரு எல்லை வேண்டும் என்றார் தலைமை ஆசிரியர். கணக்கு டீச்சரிடம் மர ஸ்கேலை வாங்கி பி.டி. சார் அவன் உச்சியில் நட்டு வைத்தார். ஸ்கேலில் சைபர் ஓரத்திலிருந்து ஆரம்பிக்காமல் கொஞ்சம் தள்ளி ஆரம்பித்தது. அந்தத் துண்டைக் கழிப்பதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. பிறகு அதைவிடப் பெரிய சந்தேகம். சுருட்டை முடியை இழுத்து நீட்டி அளப்பதா, இருக்கிறபடியே அளப்பதா? தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சர்க்குலர்ல தெளிவா இல்லீங்களே டீச்சர்" என்றார், வருத்தமாக.

எனக்குச் சுருக்கென்றது. எழுதினவளுக்கு வரத்தான் செய்யும். பையன் ஸ்கேலைத் தலையில் சுமந்தபடி அசையாமல் நின்று எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். இருக்கிறபடியே அளக்கலாம் என்றேன். அப்படி அளந்ததில் தப்பித்து அவன் வகுப்புக்குப் போனான்.

எழுத்தில் கட்டுப்படுத்துவது நடக்காது, வெட்டுகிற இடத்திலேயே பிடிக்க வேண்டும் என்று பி.டி. சார் முடிவு செய்தார். ஒண்டிக்கடை ஜங்ஷனில் இருக்கிற சலூனுக்கு இரண்டு பேரும் போனோம். எங்கள் பையன்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் போவார்கள். கடைக்காரர் சேலத்துக்காரர், எங்கள் வயதுதான் இருக்கும். சுவர் முழுக்க பிளெக்ஸில் வாலிபர்கள், ஒவ்வொருவர் தலைக்குக் கீழேயும் ஒரு நம்பர். நாங்கள் சொன்னதையெல்லாம் மரியாதையாகக் கேட்டார். ஸ்கூல் பையன்களுக்குக் கண்டபடி வெட்ட மாட்டேன் என்று ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு சந்தேகம் இருந்தது அவருக்கு.

"ஏனுங்க டீச்சர், எது கூடாதுன்னு புரிஞ்சுபோச்சுங்க. எது வேணுமுன்னு சொல்லலீங்களே. ஒரு போட்டோ குடுங்க, அச்சு அசலா அப்படியே வெட்டிப்போடறேன்."

கேட்டதில் நியாயம் இருந்தது. பள்ளிக்குத் திரும்பி, சரியான தலை ஒன்றைத் தேட ஆரம்பித்தோம். ஆசிரியர்களில் யாரும் தேறவில்லை. மாணவர்களில் ஒவ்வொரு வகுப்பாகப் போய்ப் பார்த்தோம். ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒருவன் கிடைத்தான். மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்குப் பார்க்கிற ரைட்டரின் மகன். மூன்று வருஷமாக என் வகுப்பில் இருக்கிறான், எனக்கு அவன் முகம் சட்டென்று ஞாபகம் வராது. மார்க்கும் நடுவாந்திரம், உயரமும் நடுவாந்திரம். ஆனால் அவன் தலையைப் பார்த்தால் குறை சொல்ல எதுவுமே இல்லை. யார் வெட்டியது என்று கேட்டோம். அம்மா என்றான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, துணி வெட்டுகிற கத்திரிக்கோலால் வாசலில் உட்கார வைத்து வெட்டுவார்களாம்.

மரத்தடியில் நிற்க வைத்து, முன்னால், பின்னால், இடம், வலம் என்று போலீஸ் ஸ்டேஷனில் எடுப்பதுபோல் போட்டோ எடுத்தோம். சேலத்தில் பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தார் பி.டி. சார். அடித்துக் கொடுத்தவர்கள் எங்களிடம் கேட்காமலே பையனை நல்ல சிவப்பாக்கிவிட்டார்கள். பின்னால் இருந்த மரத்தை எடுத்துவிட்டு ஒரு அருவியும் மஞ்சள் காரும் வைத்துவிட்டார்கள். தலைமுடியில் நீலமாக ஒரு பளபளப்பு. கீழே கொட்டை எழுத்தில் 'ஸ்கூல் கட்டிங்'. மாற்றித் தரச் சொல்ல நேரமில்லை, அப்படியே சலூனில் மாட்டினோம். வாலிபர்களின் நடுவில் ரைட்டர் மகன், நம்பர் இல்லாமல்.

பையன் அம்மா இடது கைக்காரர் என்பது எங்களுக்குத் தெரியாது. இடது காதுப் பக்கம் மட்டும் முடி சற்றுச் சரிந்து இறங்கியிருக்கும். நேரில் பார்த்தால் கண்ணுக்குப் படாது. பெரிதாக்கின பிளெக்ஸில் நன்றாகவே தெரிந்தது. கடைக்காரர் சொன்ன சொல் தவறாதவர். அச்சு அசலாக அந்தச் சரிவோடு வெட்டினார். ஜூலை முடிவதற்குள் பள்ளியில் பையன்கள் அத்தனை பேருக்கும் தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. ஜெபத்தில் வரிசையாக நிற்கும்போது காற்று ஒரு பக்கமாக அடிப்பதுபோல் இருக்கும். நேராக வெட்டிக்கொண்டு வந்த ஒன்றிரண்டு பேரைத் தலைமை ஆசிரியர், போட்டோவில் இருக்கிறபடி இல்லையே சாமி, போய்ச் சரியாக வெட்டிக்கிட்டு வா என்று திருப்பி அனுப்பினார்.

எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று நினைத்தோம். சனி, ஞாயிறுகளில் சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பைக்கில் ஏறி வருகிற வாலிபர்கள் கண்ணில் அந்தப் பிளெக்ஸ் பட்டுவிட்டது. அந்தச் சரிவு அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. யாரோ ஒரு கல்லூரிப் பையன் சலூனில் உட்கார்ந்தபடியே அதை ரீல்ஸாக எடுத்துப் போட்டானாம். அதற்கப்புறம் விடுமுறை நாளில் சலூன் வாசலில் வரிசை நின்றது. ஊருக்குப் போய் அவர்கள் அதை ஏற்காடு கட்டிங் என்று சொல்லிக்கொண்டார்கள். எஸ்டேட் ஆட்கள், ஓட்டல் பையன்கள், ஜீப் டிரைவர்கள் எல்லோரும் சாய்ந்தார்கள்.

ஒரு சாயங்காலம் தலைமை ஆசிரியர் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். கருப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் பைக் மேல் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற பெண்களைப் பார்த்துப் பாடிக்கொண்டு இருந்திருக்கிறான். தலையில் எங்கள் ஸ்கூல் கட்டிங். மறுநாள் காலையில் எங்களைக் கூப்பிட்டபோது அவர் முகம் சரியாக இல்லை. சர்க்குலரை எடுத்துவரச் சொன்னார். கடைசி வரியை வாசிக்கச் சொன்னார். நாகரிக மோகத்தைக் காட்டும் முடிவெட்டு கூடாது என்று வாசித்தேன்.

"இப்ப இதுதானுங்களே நாகரிகம்?" என்றார்.

பி.டி. சார் நிதானமாக யோசித்தார். பையன்கள் போட்டோ மாதிரி வெட்டிக்கொண்டால் கடைசி விதியை மீறுகிறார்கள். வெட்டிக்கொள்ளாவிட்டால் போட்டோவை மீறுகிறார்கள். ஆகவே எல்லோருமே குற்றவாளிகள், ஆனால் எல்லோரும் நாம் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள் என்றார். காலாண்டுத் தேர்வு முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தோம்.

இந்தக் களேபரத்தில் ரைட்டர் மகனை நாங்கள் மறந்தே போயிருந்தோம். ஒரு நாள் மத்தியானம் அவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். அவனுக்கு மட்டும் ஒரு தனி விதி இருந்தது. மாதிரி மாறக் கூடாது என்பதால் அவன் முடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று தலைமை ஆசிரியர் அவன் ஊட்டுக்கே சொல்லி அனுப்பியிருந்தார். அதிலிருந்து அம்மா கத்திரிக்கோலை எடுத்தால் ஒவ்வொரு முடியாகப் பார்த்துத்தான் வெட்டுகிறாராம். எங்காவது பிசகிவிட்டால் ஊரே அப்படி வெட்டிக்கொள்ளுமே என்று பயமாம். பஸ்ஸில் தெரியாதவர்கள்கூட அவன் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்களாம். போன வாரம் ஒருத்தர் காது ஓரத்தை விரலால் அளந்தே பார்த்துவிட்டாராம்.

"எனக்கு வேற மாதிரி வெட்டிக்கோணுமுங்க டீச்சர்" என்றான்.

எந்த மாதிரி கண்ணு என்று கேட்டேன்.

"தெரியலைங்க. இது இல்லாம இருந்தாப் போதுமுங்க."

மூன்று வருஷத்தில் அவன் என்னிடம் பேசின முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். கண் கலங்கவில்லை, குரல் உயரவில்லை. ஏதோ லீவு கேட்பதுபோல் கேட்டான். எனக்குச் சங்கடமாகிவிட்டது. தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். பாவமுங்க, தேர்வு முடியட்டும், ஒரு நல்ல முடிவா எடுப்போமுங்க என்றார் அவர்.

அந்த முடிவை அவன் அம்மா எடுத்துவிட்டார். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, தாயும் மகனும் சேர்ந்து வந்தார்கள். பையன் மொட்டை. தலையில் சந்தனம் இன்னும் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. வேளாங்கண்ணிக்குப் போய் வந்ததாகச் சொல்லி, அந்த அம்மா தலைமை ஆசிரியர் மேஜை மேல் ஒரு சின்னப் பாட்டிலில் மந்திரித்த எண்ணெயும் ஒரு பொட்டலம் பொரியும் வைத்தார். சர்ச் நடத்துகிற பள்ளியில் இதற்கு என்ன சொல்ல முடியும்? தலைமை ஆசிரியர் எழுந்து நின்று இரண்டு கையாலும் எண்ணெயை வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்தபிறகு நான் அந்த அம்மாவிடம் என்ன வேண்டுதல் என்று கேட்டேன்.

"சின்னதுல இவனுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப வேண்டிக்கிட்டதுங்க டீச்சர். நொம்ப வருஷமா மறந்தே போயிட்டனுங்க. இப்பத்தான் மாதா ஞாபகப்படுத்துனாங்க" என்றார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. பயணக் களைப்பிலும் கண்கள் தெளிந்திருந்தன.

பையன் வகுப்புக்கு நடந்துபோனதைப் பார்த்தேன். தலையைத் தடவிக்கொண்டே போனான். எதிரில் வந்த ஏழாம் வகுப்புக்காரன் யாரென்று தெரியாமல் அவனைக் கடந்து போனான். அவன் நடையில் ஒரு துள்ளல் வந்ததை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன்.

ஆனால் மாதிரி அவன்தானே? மூன்று மாதமாக அவன் தலையைப் பார்த்து வெட்டிப் பழகியவர்கள் இப்போது மட்டும் சும்மா இருப்பார்களா? அந்த வாரமே வேண்டுதல்கள் பெருகிவிட்டன. ஒருவன் பாட்டன் காலத்து வேண்டுதல் என்றான். ஒருவன் சேர்வராயன் கோயிலுக்கு என்றான், திருவிழா மே மாசம்தானே சாமி என்றால், முன்கூட்டியே செலுத்திவிட்டேன் என்றான். ஒருவன் அவர்கள் ஊட்டுப் பசு சுகமாகக் கன்று போட்டதற்காக என்றான். வேண்டுதலுக்கு அத்தாட்சி கேட்க முடியுமா? மொட்டை நம் சர்க்குலருக்குள் வருமா என்று பி.டி. சார் ஒருமுறை வாயெடுத்தார். அது காது, கண், காலர் எதையும் தொடவில்லை. அவர் பேச்சைத் தொடர்வதற்குள் எங்கள் இரண்டு பேர் பார்வையும் தலைமை ஆசிரியர் தலைக்குப் போய்விட்டு அவசரமாகக் கீழே இறங்கியது. அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பனிமூட்டம் வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் மாதம் அது. மொட்டைத் தலைகளுக்குக் குளிராமல் என்ன செய்யும்? தாய்மார்கள் குரங்குக் குல்லா போட்டு அனுப்பினார்கள். கரும்பலகையிலிருந்து திரும்பினால் பையன்கள் பக்கம் முழுக்கக் குல்லாவுக்குள் கண்ணும் மூக்கும்தான். யார் யாரென்றே தெரியாமல் நான் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தேன். பதில் சொல்கிறவனைப் பாராட்ட வேண்டுமென்றால் முதலில் யாரப்பா நீ என்று கேட்க வேண்டும்.

சில நாள் கழித்துத்தான் பி.டி. சாருக்குச் சந்தேகம் வந்தது. குல்லா போட்டவன் எல்லாம் மொட்டை என்று எப்படித் தெரியும்? ஜெபத்தில் எல்லோரையும் குல்லாவைக் கழற்றச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். பாதிக்குமேல் மொட்டையே இல்லை. உள்ளே கோடுகளும் கொண்டைகளும் வண்ணங்களும் செழித்து வளர்ந்திருந்தன. மாரமங்கலத்துப் பையன் இந்தத் தடவை பச்சை. பி.டி. சார் திகைத்து நின்றபோது தூறல் விழ ஆரம்பித்தது. மறுநாள் பள்ளி பூராவும் இருமல். அதற்கடுத்த நாள் தாய்மார்கள் கூட்டமாக வந்து ஆபீஸ் வாசலில் நின்றார்கள். குல்லா திரும்பி வந்தது.

அந்தச் சமயம் பார்த்துப் பள்ளியின் தாளாளர் வந்தார். வயதான பாதிரியார், சேலத்தில் இருப்பவர். முன்னறிவிப்பு இல்லாமல் வருவது அவர் வழக்கம். வராந்தாவில் மெதுவாக நடந்து ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்த்தார். குல்லாக்கள், இடையிடையே மொட்டைகள், இருமல். தலைமை ஆசிரியர் தோளில் கை வைத்து, எங்ககிட்ட மறைக்க வேண்டாமுங்க, பிள்ளைகளுக்கு என்ன வியாதி என்று கேட்டார். வியாதி எதுவும் இல்லை என்று இவர் சொல்லச் சொல்ல, அவருக்குப் பயம் கூடிற்று. போனில் பேசி ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸை வரவழைத்துவிட்டார். நர்ஸம்மா கண்டிப்பானவர். மாணவர்களை முடித்துவிட்டு ஆசிரியர்களையும் வரிசையில் நிற்க வைத்தார். பேன் இல்லை, படை இல்லை. பி.டி. சாருக்கு மட்டும் பொடுகு இருந்தது. அதற்கு ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார்.

பிறகு தலைமை ஆசிரியர் தாளாளரை உட்கார வைத்து ஜூன் மாத ஜெபத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஸ்கேல், சலூன், போட்டோ, சரிவு, வேளாங்கண்ணி. நானும் பி.டி. சாரும் சுவர் ஓரம் நின்றிருந்தோம். முடிந்ததும் பாதிரியார் காப்பியைக் குடித்து வைத்துவிட்டு, இப்போது என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார்.

"முடி வளரட்டுமுங்க ஃபாதர்" என்றார் தலைமை ஆசிரியர்.

மாணவர்கள் அனைவரும் முடி வளர்க்க வேண்டும் என்று அன்றைக்கு மாலையே நான் ஒரு சர்க்குலர் எழுதினேன். எத்தனை தூரம் என்று பி.டி. சார் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம். அவர் கேள்வியை விட்டுவிட்டார்.

தை மாதத்துக்குள் ரைட்டர் மகனுக்கு முடி வளர்ந்து, அவனாகவே சலூனுக்குப் போய் அவனுக்கு வேண்டியபடி வெட்டிக்கொண்டு வந்தான். கொஞ்சமும் பொருத்தமில்லாத வெட்டு. உச்சியில் கூரை வேய்ந்த மாதிரி முடி, கீழே வெறும் கழுத்து. யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை. அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

பள்ளி பிள்ளைகளின் தலைமுடியில் தலையிடலாமா கூடாதா என்று என் அக்கா கேட்டாள். ஆய்வுக்கூடத்தில் தீ எரியும் இடத்தில் முடியைக் கட்டச் சொல்வேன், பேன் இருந்தால் பார்க்கச் சொல்வேன். அதற்கு மேல் என்னால் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. அத்தனையும் முயன்று பார்த்த கமிட்டியில் இருந்தவள் நான்.

போன மாதம் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, பசங்களுக்கு மட்டும்தான் கமிட்டியாங்க டீச்சர், எங்களுக்கெல்லாம் எப்ப என்று கேட்டாள். எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகள் இரட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பனால் கட்ட வேண்டும். எப்போதிருந்து என்று யாருக்கும் தெரியாது. எந்தச் சர்க்குலரிலும் அது இல்லை. தேடிப் பார்த்தேன். யாரும் எழுதவே இல்லை, எல்லோரும் பின்னிக்கொண்டு வருகிறார்கள். அதை அவளிடம் அப்படியே சொன்னேன்.

மறுநாள் அவள் ஒற்றைச் சடையில் வந்தாள். அதற்கு மறுநாள் அவள் பெஞ்சில் மூன்று பேர். மணி அடித்து வெளியே வந்தபோது தலைமை ஆசிரியர் வராந்தாவில் நின்றிருந்தார். அந்த மூன்று பேரும் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். சடைகள் முதுகில் ஆடிக்கொண்டு போவதைப் பார்த்தார்.

"இதுக்கு அனுமதி இருக்குதுங்களா டீச்சர்?" என்று மெல்லக் கேட்டார்.

தெரியலைங்க சார், வேணும்னா ஒரு கமிட்டி போட்டுப் பார்க்கலாமுங்க என்றேன்.

"நான் எதையும் பாக்கலைங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஆபீஸ் அறைப் பக்கம் வேகமாக நடந்துபோனார்.